சீயக்காய் தீர்ந்துபோன சனிக்கிழமை

1

இன்றைக்குச் சனிக்கிழமை. மதியம் கடற்கரைக்குப் போய், பையன்களின் வாட்டர் போலோ ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வருஷத்துக்கு இதுதான் முதல் ஆட்டம். அங்கே ஒரு பையன் என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும். இந்த வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மலாக்கா டவுனில் காஜா பெராங் என்னும் பகுதியில் இருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன். பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். காலையில் புக்கிட் பாரு வண்டி, மதியம் செமாபோக் வண்டி, சாயங்காலம் எது கிடைக்கிறதோ அது. ஏறுவேன், சீட்டைப் பார்ப்பேன், கிள்ளுவேன், இறங்குவேன். சீட்டு வாங்காதவனைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. "அந்தக் கோபக்கார செக்கர்" என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வாட்டர் போலோ என்றால் என்ன என்று கேட்பீர்கள். கபடியையும் பந்தாட்டத்தையும் சேர்த்துத் தூக்கிக் கடலில் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். நிலத்தில் கால் படக்கூடாது. நீந்திக்கொண்டே பந்தைப் பிடிக்க வேண்டும், எறிய வேண்டும், எதிராளி மேலே விழுந்து அமுக்கினாலும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் மிதக்கிற கம்பம் வைத்து வலை கட்டியிருப்பார்கள். வலையைக் காக்கிறவன் தலையில் மட்டும் சிவப்புத் துணித் தொப்பி, தாடைக்குக் கீழே நாடாவால் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் இதற்கென்று குளம் இல்லை. கடலோரத்தில் நீண்ட கழிகளை நெருக்கமாக நட்டு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், பாகார் என்று பெயர். அதற்குள்தான் ஆட்டம். கடல் ஏறியிருக்கும்போதுதான் ஆட முடியும். இறங்கிவிட்டால் முழங்கால் சேறுதான் மிஞ்சும்.

போன வருஷம் வரைக்கும் அந்தச் சிவப்புத் தொப்பி என் மகன் கதிர்வேலுடையது.

2

கதிர் இங்கே பிறந்தவன். ஆகவே மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அன்றே அவன் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். ஒரு ஃபாரம் எழுதவில்லை, ஒரு கியூவில் நிற்கவில்லை. பெற்ற அப்பன் நான் மனுப்போட்டு, போட்டோ கொடுத்து, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போய், "அப்புறம் வா" "அப்புறம் வா" என்று நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன்.

மனு அதிகாரி மலாயில் கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள். எனக்கென்ன பயம்? பஸ்ஸில் நாள் முழுக்க மலாய்தானே பேசுகிறேன் என்று துணிந்து போனேன். கூட கதிர் வந்திருந்தான். அதிகாரி நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தவுடன் அவரை "லு" என்றேன். பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் எல்லாரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஆனால் அது "டேய், நீ" என்பது மாதிரி. நாற்காலியில் இருக்கிற பெரிய அதிகாரியிடம் சொல்லலாமா? கதிர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். பிறகு அவனே அழகான மலாயில் ஏதோ சொன்னான். அதிகாரி சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னடா சொன்னே அவருக்கிட்ட?"

"எங்கப்பா பஸ்ஸுல வேலை செய்றாரு, அங்க பேசுற மலாய்தான் தெரியும், மன்னிச்சிருங்கன்னு சொன்னேன்."

"எனக்காக நீ மன்னிப்பு கேக்குறியா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"

"இல்லப்பா. சும்மா சொன்னேன்லா."

அந்த "லா" வேறு. இந்த ஊர்க்காரர்கள் மாதிரி எதற்கெடுத்தாலும் வால் போல ஒரு லா. அவன் வீட்டில் தமிழ் பேசினால் பாதி மலாய், கால் இங்கிலீஷ், மிச்சம்தான் தமிழ். எழுதச் சொன்னால் 'கதிர்வேல்' என்று தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவான். என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிச் செட்டிகள் என்று இங்கே சொல்கிறவர்கள் குடியிருக்கிறார்கள், நம் ஊர்ச் செட்டியார்கள் இல்லை. பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குப் பூஜை போடுவார்கள், பெயரெல்லாம் நம் பெயர். பேசுவது மட்டும் மலாய். நம்மிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசச் சொன்னால் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். கதிரின் டீம் கேப்டன் தேவா அந்தச் செட்டிப் பிள்ளைதான். தேவநாயகம் பிள்ளை என்று பெயர். என்னைப் பார்த்தால் கை கூப்புவான், வாயைத் திறந்தால் மலாய். இந்தக் கதிரும் அப்படி ஆகிவிடுவானோ என்பதுதான் எனக்குக் கவலை.

3

என் மனைவி தனம் இருந்தவரை இந்தக் கவலையெல்லாம் அவளோடு போயிற்று. அவள் கதிரிடம் பேசிக்கொண்டே இருப்பாள். சனிக்கிழமை ஆனால் அவனைப் பின்கட்டில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். முதலில் தரையில் மூன்று பொட்டு எண்ணெய் வைப்பாள். பிறகு அவன் உச்சியில் ஒரு குழிக்கை எண்ணெய் வைத்து, உள்ளங்கையால் பொத்துப் பொத்தென்று தட்டுவாள். "அம்மா, மண்டை உடையுதுமா" என்று அவன் கத்துவான். "உடையட்டும், உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்" என்பாள். டூட்டிக்குக் கிளம்பும்போது இந்தச் சத்தம் காதில் விழும். நின்று பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அவளுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு நானும் கதிரும் ஒரே வீட்டில், லாட்ஜில் தங்கியிருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தோம். துக்க வருஷம் என்பதால் எண்ணெய்க் குளியல் இல்லை. துக்கம் இல்லாவிட்டாலும் தேய்த்துவிட ஆள் யார்? நான் டூட்டி முடிந்து வரும்போது அவன் கடலில் இருப்பான். அவன் வரும்போது நான் தூங்கியிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டால் கடல், கடல் விட்டால் பள்ளிக்கூடம். ஒருவரையொருவர் தொட்டுப் பேசியதாக ஞாபகம் இல்லை.

வருஷம் திரும்பித் திதி கொடுத்தோம். பண்டாரம் கதிரைப் பார்த்து, "தம்பி, தாத்தா பேரு, பூட்டன் பேரு சொல்லுப்பா" என்றார். கதிர் என்னைப் பார்த்தான். தாத்தா பெயரே அவனுக்குத் தெரியவில்லை. வந்திருந்த நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். பண்டாரம் கையில் தண்ணீரோடு காத்திருந்தார். நான்தான் பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. நான் ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லையே என்பது அப்போது தோன்றவே இல்லை.

அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன். மன்னார்குடியில் தனத்தின் அண்ணன் இருக்கிறார். பையனை அவரிடம் அனுப்பிக் காலேஜில் சேர்த்துவிட வேண்டும். நாலு எழுத்து தமிழில் படிக்கட்டும், நாலு சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

கதிர் குதித்தான்.

"எனக்கு அங்க யாரப்பா தெரியும்?"

"உன் தாய்மாமாடா. அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன்."

"நான் அவரப் பாத்ததுகூட இல்ல. இங்கதான் என் கூட்டாளிங்க இருக்காங்க. டீம் இருக்கு."

"டீம் சோறு போடுமா?"

"நான் சோறு கேட்டேனா உங்ககிட்ட?"

இப்படி நாள்கணக்கில் நடந்தது. நான் கத்துவேன், அவன் கதவைச் சாத்திக்கொள்வான். நான் கப்பல் சீட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அவன் கத்தவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்பா, இந்த வருஷம் முதல் கேம் அந்தக் கப்பல் போறதுக்கு அடுத்த வாரம்தான். மூவார்ல இருந்து டீம் வருது. அது ஒண்ணு மட்டும் ஆடிட்டுப் போறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்ற கப்பல்ல ஏறிக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. போய் அலைந்து, ஆபீஸில் கெஞ்சி, அடுத்த கப்பலுக்குச் சீட்டை மாற்றினேன். பருவம் முழுக்க அவன் ஆடப்போவது அந்த ஓர் ஆட்டம்தான். அதற்காகக் காலையிலும் மாலையிலும் போய் நீந்தினான். உப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து தலைமுடி செம்பட்டையாகி, துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

4

ஆட்ட நாள் சனிக்கிழமையாக வந்தது. நான் லீவு போட்டிருந்தேன். மகன் ஆடுவதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. காலையில் அவன் கண்ணாடி முன்னால் நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தலைமுடியைப் பார்த்தேன். ஐயோ, தனம் இருந்தால் இப்படி விட்டிருப்பாளா என்று நினைத்தேன். துக்க வருஷம்தான் முடிந்துவிட்டதே! இன்று சனிக்கிழமைதானே! நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் என்ன? எனக்கே திடீரென்று ஓர் உற்சாகம் வந்துவிட்டது.

"கதிர், பின்கட்டுக்கு வா. உக்காரு."

"எதுக்குப்பா?"

"வான்னா வாயேன்டா."

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் லேசாகச் சூடுகாட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அப்பா..." என்றான்.

"என்னடா?"

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு பலகையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணுமில்லப்பா."

தனம் செய்வது மாதிரியே தரையில் மூன்று பொட்டு வைத்தேன். உச்சியில் எண்ணெயை ஊற்றித் தட்டினேன். எனக்கு அவள் கைப்பழக்கம் வருமா? காதிலும் கழுத்திலும் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. "மண்டை உடையுதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"போதுமா?"

"உச்சியிலே இன்னும் கொஞ்சம் வைங்கப்பா."

வைத்தேன். முதுகு, தோள், கை, கால் எல்லாம் தேய்த்தேன். குழந்தையில் தூக்கியதோடு சரி, அதற்கப்புறம் அன்றுதான் என் பிள்ளையின் முதுகைத் தொட்டேன். நீந்தி நீந்தி அகலமாகியிருந்தது. இது என் வீட்டில் எப்போது வளர்ந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எண்ணெயெல்லாம் தேய்த்து முடித்த பிறகுதான் சீயக்காய் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் கொஞ்சம் தூசி, ஒரு சின்னக் கரண்டி. வாங்கி வாங்கி நிரப்பியவள் அவள். அவள் போன பிறகு யார் திறந்தார்கள்? கடைக்கு ஓடலாம் என்று சட்டையை மாட்டுவதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கடல் சீக்கிரம் இறங்குகிறதாம், ஆட்டத்தை முன்னாலேயே ஆரம்பிக்கிறார்களாம், தேவா கத்திக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லப்பா, சவுக்காரம் போட்டுக்கிறேன்" என்று கதிர் துணி சோப்பை எடுத்து அவசரமாகத் தேய்த்து நாலு வாளி ஊற்றிக்கொண்டு ஓடினான். வாசலில் திரும்பி, "அப்பா, நீங்க வருவீங்கல்ல?" என்றான்.

"பின்னாடியே வர்றேன்டா, போ."

5

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு டீமும் பலகைப் பாலத்தின் மேல் வரிசையாக நின்றன. மூவார்ப் பையன்கள் ஒரு பக்கம், நம் பையன்கள் ஒரு பக்கம். கதிர் வரிசையில் முதலாவதாக நின்றான். தலையில் தொப்பி இன்னும் கட்டவில்லை. என்னைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கிக் காட்டினான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற சீனரிடம் "அவன் என் மகன்" என்று கேட்காமலே சொன்னேன்.

வெள்ளைச் சட்டை போட்ட ரெஃப்ரீ வந்தார். ஒவ்வொருவனாகக் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார். மோதிரம், சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முதுகில் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கதிர் முதுகில் இழுத்தவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி இழுத்தார். கட்டைவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

இந்த ஆட்டத்தில் உடம்பில் எண்ணெய் இருக்கக்கூடாதாம். எதிராளி பிடித்தால் வழுக்கும் என்பதால் அப்படி ஒரு விதி. எனக்கு அது எப்படித் தெரியும்? நம்மில் யாருக்குத் தெரியும்? நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைக்கு எண்ணெய் வைத்து அனுப்பினால் அதுவே குற்றம் என்று எந்த ஊரில் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ரெஃப்ரீ அநியாயக்காரர் இல்லை. "போய்க் கழுவிக்கொண்டு வா" என்று அனுப்பினார். கரையில் துணி மாற்றுகிற குடிலில் இருந்த குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. கதிர் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தான். நானும் துண்டை வைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மினுமினுவென்று ஏறி வந்தது. அரை மணி ஊறிய நல்லெண்ணெய், சோப்புக்கு அசையுமா? தலையை அழுத்தினால் காதோரம் சொட்டியது. இரண்டாவது முறை ரெஃப்ரீ விரலை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. இனிக் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கதிருக்குப் பதிலாக ஆ லியோங் என்ற சீனப் பையன் சிவப்புத் தொப்பியைக் கட்டிக்கொண்டு குதித்தான். இந்த ஆட்டத்தில் நடுவில் ஆள் மாற்றுகிற வழக்கமும் கிடையாது.

அதைக் கதிர் என்னிடம் சொல்லத்தான் சொன்னான். என் மண்டையில் ஏறவில்லை. சீயக்காய் வேண்டும், சீயக்காய் கிடைத்தால் சரியாகிவிடும் என்று அது ஒன்றுதான் எனக்கு. ரோட்டுக்கு ஓடினேன். எங்கள் கம்பெனி பஸ் வந்தது. நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் முனுசாமி பயந்துபோனான்.

"என்னாண்ணே, இன்னைக்கு லீவுன்னீங்க? செக்கிங்கா?"

"செக்கிங்கும் இல்ல, மண்ணும் இல்ல. காஜா பெராங் போற வரைக்கும் எங்கயும் நிக்காத."

"அண்ணே, பெசஞ்சர் இருக்காங்கண்ணே."

"நான் பதில் சொல்லிக்கிறேன்டா, ஓட்டு!"

எத்தனை பேரைச் சீட்டு இல்லை என்று இறக்கிவிட்டிருப்பேன். அன்று நான் சீட்டு வாங்காமல் நின்றுகொண்டே போனேன். மளிகைக் கடையில் சீயக்காய்ப் பொட்டலம் வாங்கி, அடுத்த வண்டியைப் பிடித்து, திரும்பிப் பாலத்தில் ஓடினேன். ஆட்டம் முடிந்து பையன்கள் தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நம் டீம் தோற்றுவிட்டது. கதிர் நீச்சல் டிராயரோடு பலகையில் உட்கார்ந்து, ஏறி வருகிற ஒவ்வொருவனுக்கும் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெயிலில் அவன் முதுகு பளபளவென்று இருந்தது.

நான் மூச்சிரைக்கப் பொட்டலத்தை நீட்டினேன். என்ன சொல்லி நீட்டினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுக்குப்பா இப்படி ஓடுனீங்க? வேர்த்து ஊத்துது. உக்காருங்க" என்று எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவுக்குத் தெரியாதுடா, சத்தியமா தெரியாதுடா" என்றேன்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றான். "போனாப் போவுது. விடுங்க."

6

அவன் வாக்குத் தவறவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் கப்பலுக்குத் தயாரானான். புது மலாயா பாஸ்போர்ட்டை வாங்கி வந்து என்னிடம் காட்டினான். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வழியனுப்பும்போது காலில் விழுந்தான். தூக்கி நிறுத்தினேன். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஜனம். தோளில் தட்டி, "மாமா சொன்னபடி கேளு" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், அந்தச் சீயக்காயை டப்பாவில் கொட்டி, மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மாதம் ஒரு கடிதம் வரும். முதல் கடிதங்களில் "அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா" என்று எழுத்துப்பிழையோடு பேசுவது மாதிரியே எழுதியிருந்தான். இடையில் இங்கிலீஷ், நடுவில் ஒரு லா. இப்போது நல்ல தமிழ். "அன்புள்ள தந்தையார் அவர்களுக்கு, தங்கள் நலனறிய ஆவல்" என்று ஆரம்பிக்கிறான். தாத்தா, பூட்டன், அவருக்கு மேலே இருந்தவர் பெயர்கூட மாமாவிடம் கேட்டு எழுதி அனுப்பினான். எனக்கே தெரியாத பெயர் அது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். கிடைத்தது. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தால் யாரோ ஒரு மரியாதைக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. நீந்துகிறாயா என்று கேட்டிருந்தேன். இங்கே அதற்கு வசதி இல்லை, விருப்பமும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இந்த நாட்டுப் பிள்ளை அங்கே இருக்கிறான். அந்த நாட்டு ஆள் நான் இங்கே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இதைச் சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

7

இன்று காலையில் புக்கிட் பாரு வண்டியில் தேவா ஏறினான். சீட்டைக் காட்டிவிட்டு, மலாயில், "அங்கிள், இன்னைக்கு முதல் ஆட்டம், வாங்க" என்றான். எதற்குப் போக வேண்டும்? ஆனாலும் மதிய டூட்டிக்கு ஆளை மாற்றிவிட்டேன், கால் அங்கேதான் போயிற்று.

அதே பலகைப் பாலம். பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஆ லியோங் முதலாவதாகச் சிவப்புத் தொப்பியோடு நின்றான், நன்றாக வளர்ந்திருந்தான். ரெஃப்ரீ முதுகு முதுகாக விரலை இழுத்துக்கொண்டு வந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேவா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், தலை சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள் இன்னும் அதையே நெனைக்கிறீங்களா?" என்று எப்போதும் போல மலாயில் கேட்டான்.

"எப்படிடா மறக்கும்? உங்களுக்கெல்லாம் அந்த விதி தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா அவன்கிட்ட?"

தேவா என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"டியா தாவு, அங்கிள்" என்றான். அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

"யாருக்கு?"

"கதிருக்குத்தான். எங்களுக்கு விதியெல்லாம் படிச்சுச் சொன்னதே அவன்தான். முந்தின நாள் பிராக்டீஸ் முடிஞ்சதும், நகம் வெட்டணும், தைலம் தடவக்கூடாது, தலைக்குக்கூட எண்ணெய் வைக்கக்கூடாதுன்னு அவன்தான் எல்லாருக்கும் சொன்னான்."

தேவா சொல்லிக்கொண்டே போனான். அன்று வேனில் ஏறியதுமே கதிர் தன் சிவப்புத் தொப்பியை எடுத்து ஆ லியோங்கிடம் கொடுத்துவிட்டானாம். வழி முழுக்க, எந்தப் பக்கம் வந்தால் எப்படித் தடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தானாம். என்னடா என்று இவர்கள் கேட்டதற்கு, தலையைக் காட்டி, "எங்கப்பா வச்சு விட்டாரு" என்றானாம்.

"அப்புறம் ஏன்டா வரிசையில வந்து நின்னான்?"

"நீங்க வர்றேன்னு சொல்லியிருந்தீங்களாம். வந்து பாக்கும்போது அவன் வரிசையில இருக்கணும்னு சொன்னான். அவனுக்கு விதி தெரியும்னு உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான்." தேவா தலையைக் குனிந்துகொண்டான். "இப்ப சொல்லிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, அங்கிள்."

அந்தப் பிள்ளைக்குத் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். இவனைப் போல ஆகிவிடக்கூடாது என்றுதானே என் மகனைக் கப்பலேற்றினேன்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்தேன். சீயக்காய் அவன் கொட்டிய அளவில் அப்படியே இருக்கிறது. அன்று காலை என் கையில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு "அப்பா" என்றானே, அப்போதே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். எண்ணெயைத் திரும்ப ஊற்றிவிட்டு, "சரி போ" என்றிருப்பேன். அவன் அந்த ஆட்டத்தை ஆடியிருப்பான். அதற்காகத்தான் என்னிடம் கெஞ்சினான். அதற்காகத்தான் கப்பலையே தள்ளிப்போட்டான். என் கை அவன் தலையில் படப்போகிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டான். அவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறது என் பிள்ளை. கப்பல் சீட்டு அப்போது அலமாரியில்தான் இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. போதுமா என்று கேட்டேன்.

"உச்சியிலே இன்னும் கொஞ்சம் வைங்கப்பா" என்றான்.